குறைந்தபட்ச இருப்பு

சந்தனமாரியின் விடுப்பு மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனது. மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், அவளுடைய தையல் மிஷினில் பொருத்தியிருந்த சின்னத் திரையில் செய்தி வந்தது. 'தங்கள் உடல்நலத்தில் நிறுவனம் மிகுந்த அக்கறை கொண்டுள்ளது. நடப்பு ஆர்டர் கப்பலேறிய பின் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி ஒதுக்கப்படும்.' கீழே ஒரு ரோஜாப் படம் இருந்தது.

எதிர் மிஷினிலிருந்த தமயந்தி தலையை நீட்டினாள். "என்னக்கா வந்திருக்கு?"

"பூ வந்திருக்கு" என்றாள் சந்தனமாரி. "போன மட்டம் மஞ்சள். இந்த மட்டம் செவப்பு."

பக்கத்து மிஷினில் இருந்த குருவம்மா சிரித்தாள். "அடுத்த மட்டம் மாலையாவே வந்துரும். வாங்கிப் போட்டுக்க."

சந்தனமாரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது கையை உதறினாள். ஈரக் கையை உதறுவதுபோல அவள் அடிக்கடி அப்படிச் செய்வாள். கை மரத்துப்போய் எட்டு மாதமாகிறது. இரண்டு விரல்களில் உணர்ச்சியே இல்லை. ஒருநாள் ஊசி விரலில் இறங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் மிஷினை நிறுத்தினாள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, சின்னதாகக் கீறி விடுவித்தால் சரியாகிவிடும் என்று இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தாமதித்தால் கட்டைவிரலின் சதை வற்றிவிடும். அதன் பிறகு கீறியும் பயனில்லை. கத்திரியைப் பிடிக்க முடியாத கையோடு எந்தப் பனியன் கம்பெனியிலும் வேலை கிடையாது. சந்தனமாரிக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

அவள் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட முடியாது. ஆஸ்பத்திரித் தேதி, இன்சூரன்ஸ் அட்டை, சம்பளம், விடுப்பு எல்லாமே ஒரே வாசல் வழியாகத்தான் வரும். அந்த வாசலுக்குக் கம்பெனியில் பெயர் 'மேலே'.

உண்மையில் அது ஒரு மென்பொருள். நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கப்பலேறுவது வரை கம்பெனியின் எல்லா வேலைகளையும் அதுதான் திட்டமிட்டது. எந்த லைனில் யார் உட்கார வேண்டும், யாருக்கு எப்போது விடுப்பு, எந்த மிஷினுக்கு எப்போது எண்ணெய் என்பதையும் அதுவே சொல்லும். அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு லைனுக்கும் தலைக்குமேலே ஒரு பலகை தொங்கியது. வேலை சரியாகப் போனால் பச்சை எரியும், பிந்தினால் சிவப்பு எரியும். சூப்பர்வைசர் ரத்தினவேலிடம் எதைக் கேட்டாலும் அவர் விரலை உயர்த்தி, "மேலே சொல்லிருச்சுங் அம்மிணி, நான் என்ன பண்றது" என்பார். அப்படியே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏழாவது லைனில் டி-ஷர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைக்கிறவர்கள் நாலு பேர். சந்தனமாரி சங்கரன்கோவில்காரி. குருவம்மா உசிலம்பட்டி. தமயந்திக்கு வேடசந்தூர் பக்கம். நாலாவதாக மெகருன்னிசா, எல்லாரிலும் சின்னவள். நாலு மிஷின்களும் எதிரும் புதிருமாக, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தன. ஒவ்வொரு மிஷினுக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி. துணியிலிருக்கும் சீட்டைப் பெட்டியிடம் காட்டினால் 'டிக்' என்று சத்தம் வரும். அந்தப் பீஸ் அவள் கணக்கில் ஏறிவிடும். பிறகு தைக்க வேண்டும்.

பெட்டி வருவதற்கு முன்பே டைலர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. காய்ச்சலோடு வந்தவளுக்கும், ஊரில் சாவுக்குப் போய்த் திரும்பியவளுக்கும், பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கும் மற்றவர்கள் தாங்கள் தைத்ததிலிருந்து கொஞ்சம் அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். பீஸ் போட்டு விடுவது என்று அதற்குப் பெயர். யாரும் கேட்டு வாங்குவதில்லை, கொடுத்ததை யாரும் பிறகு பேசுவதுமில்லை. பெட்டி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. சந்தனமாரியின் பெட்டியில் சீட்டைக் காட்டிவிட்டுத் தங்கள் மிஷினில் தைத்தார்கள். எட்டு மாதமாக அப்படித்தான் அவளுடைய கணக்கு நிறைந்துகொண்டிருந்தது.

மேலேக்கு இது தெரியாது என்றுதான் நாலு பேரும் நினைத்திருந்தார்கள்.

•

பிரணவ் கோயம்புத்தூர்ப் பையன். மென்பொருளைக் கம்பெனியில் பொருத்துவதற்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன். தமயந்தியின் பெட்டி பழுதானபோது மாற்ற வந்தான். மேஜைக்கடியில் குனிந்து வயரைச் சொருகிக்கொண்டே, "டீக்கு விடறப்ப எதிர்த்த பேக்கரிக்கு வர்றீங்களாக்கா? இங்க பேச முடியாது" என்றான்.

தமயந்தி தனியாகப் போக யோசித்தாள். குருவம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்ன தம்பி, பொண்ணு பார்க்கவா கூப்பிட்ட?" என்று குருவம்மா உட்காரும்போதே ஆரம்பித்தாள். "நான் வேணும்னா வர்றேன். எனக்கு ரெண்டு பேரப்பிள்ளைக. உனக்குச் சம்மதமா?"

பிரணவ் சிரிக்கவில்லை. தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தான்.

"சந்தனமாரி அக்காவுக்கு நீங்க பீஸ் போட்டு விடறது மேலேக்குத் தெரியுங்க."

குருவம்மா கிளாசைக் கீழே வைத்தாள். "யாரு போட்டுக் கொடுத்தது?"

"யாருமில்லீங்க. பீஸ் அவங்க பெட்டியில ஏறுது. அப்ப அவங்க மிஷின் மோட்டார் சும்மா நிக்குது, உங்க மோட்டார் ஓடுது. முதல் நாளே அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றாள் தமயந்தி.

"கேக்கணும்னு அதுகிட்ட யாரும் சொல்லலீங்களே. கப்பல் தேதி தவறக்கூடாது. அது ஒண்ணுதான் நாங்க அதுக்குச் சொல்லியிருக்கறது. திருட்டைக் கண்டுபிடின்னு சொல்லல."

"இது திருட்டா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலீங்கக்கா." அவன் பன்னைத் தள்ளி வைத்தான். "கம்பெனியிலயே வேகமான லைன் எது தெரியுங்களா? உங்க லைன்தான். அந்த அக்காவுக்குக் கை மரத்துப்போறதுக்கு முன்னாடி நீங்க நடுவுல எங்கியோ இருந்தீங்க. அதுக்கப்புறம்தான் இந்த வேகம். அவங்களுக்காகத் தைக்கறப்ப மூணு பேருக்கும் கை வேகமா ஓடுது. அவங்க பங்கு போகவும் மிச்சம் வருது. உங்களுக்குள்ள பேச்சு குறைஞ்சிருக்கு. யாரும் லீவே போடறதில்ல. தீபாவளிக்குக்கூட நீங்க ஊருக்குப் போகலதானே?"

தமயந்தி போகவில்லை. தான் போனால் மாரியக்காவின் பெட்டி என்னாகும் என்று நினைத்தாள். அம்மாவிடம் பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தாள்.

"இந்த வேகம் எதனால வருதுன்னு மேலே தேடுச்சு" என்றான் பிரணவ். "நூலா, கரண்ட்டா, சூப்பர்வைசரான்னு ஒவ்வொண்ணாத் தள்ளிட்டே வந்துச்சு. கடைசியில நின்னது அந்த அக்காவோட கை."

தெருவில் துணி மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"புரியுற மாதிரி சொல்லு தம்பி" என்றாள் குருவம்மா. அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"ஸ்டோர்ல நூல் கோன் இருக்குல்லீங்க. இந்த அளவுக்குக் கீழ போகவே கூடாதுன்னு ஒரு கணக்கு வச்சிருப்போம். குறைஞ்சபட்ச இருப்புன்னு சொல்லுவோம். அந்த மாதிரி அந்தக் கையையும் ஒரு அளவுல வச்சிருக்குது. ரொம்பக் கெட்டுப்போனா அவங்க வேலைக்கு வரமாட்டாங்க. நல்லாயிட்டா நீங்க இப்படித் தைக்க மாட்டீங்க. ரெண்டுமே அதுக்கு நஷ்டம். அதனாலதான் கைப்பட்டை வாங்கித் தந்துச்சு. மிஷின் உயரத்தைக் குறைச்சுச்சு. ஃபேன் பக்கத்துல உக்கார வச்சுச்சு."

"அதெல்லாம் அக்கறைன்னுல்ல நெனச்சோம்" என்றாள் தமயந்தி.

"அக்கறைதாங்க. நூல்ல ஈரம் படாம ஸ்டோர்ல பார்த்துக்கறாங்கல்ல, அந்த அக்கறை."

"முதலாளிகிட்ட நீ சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'லீவு இல்லேன்னா சொல்லுது? அப்புறம் தர்றேன்னுதானே சொல்லுது'ன்னாரு. அந்த லைன்ல கையை வைக்காதேன்னும் சொல்லிட்டாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "பேக்கிங்ல உக்காந்து வேலை பார்த்துட்டிருந்த பிள்ளைத்தாச்சியை மூணாவது லைனுக்கு மாத்துச்சே. ஏன்னு நெனச்சீங்க? மூணாவது லைன் பிந்திட்டிருந்துச்சு."

தமயந்தி அவன் பக்கம் குனிந்தாள். "நாங்க பீஸ் போட்டு விடுறதை நிறுத்திட்டா?"

"நிறுத்தினா மட்டும் பத்தாதுங்க. இனிமே நீங்க அவங்களுக்காக எதுவும் பண்ண மாட்டீங்கன்னு அது முடிவுக்கு வரணும். அப்பத்தான் அந்தக் கை அதுக்குத் தேவையில்லாமப் போகும். லீவு தந்துரும். ஆனா சும்மா நடிச்சாத் தெரிஞ்சுருங்க. யாரு யாரோட சாப்பிடறீங்க, யாரு பேசினா யாரு தலை நிமிருது, எல்லாம் கேமராவுல பார்த்துட்டேதான் இருக்கு."

•

திரும்பி வரும்போது தமயந்தி, "மாரியக்காகிட்டச் சொல்லிருவோம்" என்றாள்.

"சொன்னாக் காரியம் கெட்டுச்சு. அவ மூஞ்சியில எதுடி நிக்கும்? உள்ள வந்து உக்காந்ததுமே நம்மளைப் பார்த்துச் சிரிச்சுருவா."

மெகருன்னிசாவிடம் தண்ணீர்க் குழாயடியில் வைத்து விஷயத்தைச் சொன்னார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு இதெல்லாம் வராதுக்கா. எனக்கு யாரையும் திட்டவே தெரியாது."

"நீ திட்ட வேணாம்" என்றாள் குருவம்மா. "அவ பக்கம் பார்க்காத. அது போதும்."

மறுநாள் காலையில் சந்தனமாரியின் பெட்டி வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தது. அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். பழுதாகிவிட்டது என்று நினைத்தாள்போல. பிறகு தானே ஒரு பீஸைக் காட்டினாள். 'டிக்' என்றது. அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். தமயந்தி ஊசியையே பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மோட்டார்களும் நிற்காமல் ஓடின.

மதியம் நாலு பேரும் மாடிப்படிக்குக் கீழே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அன்று சந்தனமாரி அங்கே போய் உட்கார்ந்தபோது மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். அவள் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு தமயந்தியைத் தேடி வந்தாள்.

"உனக்குன்னு பூண்டுக் குழம்பு வச்சேம்ட்டி."

"வேணாம்."

"ஏன், வயிறு சரியில்லையா?"

"வேணாம்னா விடுங்களேன்க்கா."

சந்தனமாரி திறந்து நீட்டிய டப்பாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். டப்பாவை மூடும்போது அவளுடைய கட்டைவிரல் வழுக்கியது. இரண்டு தடவை முயன்று, மூன்றாம் தடவை மூடியை இடுப்பில் வைத்து அழுத்தி மூடினாள். தமயந்தி சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள்.

நாள்கள் போனபோது தமயந்தியை இன்னொன்று தொந்தரவு செய்தது. அவளுக்குத் தோள் வலி குறைந்திருந்தது. ராத்திரியில் நன்றாகத் தூக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மெகருன்னிசாவோடு கடைவீதிக்குப் போய் வளையல் வாங்கினாள். தன் கணக்குக்கு மட்டும் தைப்பது இவ்வளவு இலேசான வேலை என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இலேசாக இருப்பதை நினைத்தபோது அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் இலேசாகத்தான் இருந்தது.

பலகையில் சிவப்பு எரியத் தொடங்கியது. ரத்தினவேல் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "ஏனுங் அம்மிணி, ஏழாவது லைனுக்கு என்னாச்சு? பச்சையே அணையாத லைனுங்க இது."

குருவம்மா மிஷினை நிறுத்தினாள். "முடியாத ஆளை நடுவுல உக்கார வச்சா வேற என்ன எரியும்? எத்தனை நாளைக்கு நாங்க இவளைச் சுமக்கிறது? எங்களுக்கும் ஒடம்புதான இருக்கு. முடியலேன்னா வீட்டுல போய் உக்காரச் சொல்லுங்க."

லைன் முழுக்கக் கேட்டது. குருவம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அது நடிப்புதானா என்று தமயந்திக்கே தெரியவில்லை. பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டபோது, "பாதி" என்று மட்டும் சொன்னாள்.

சந்தனமாரி குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். பட்டி கோணிக்கொண்டு போனது. பிரித்து மறுபடி தைத்தாள். அன்று சாயங்காலமே அவள் திரையில் செய்தி வந்தது. விடுப்பு அனுமதிக்கப்பட்டது, வரும் புதன்கிழமை அறுவைச் சிகிச்சை. இந்த முறை பூ எதுவும் இல்லை.

•

கம்பெனி வாசலில் சந்தனமாரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தமயந்தி ஓடி வந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பேக்கரி, பிரணவ், நூல் கோன், குழாயடியில் பேசியது. சொல்லிமுடிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சந்தனமாரி முழுவதையும் கேட்டாள். பஸ் வருகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நீங்க நடிச்சிருக்க மாட்டீங்கக்கா."

"ஆமா. எனக்கு வராது." அவள் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க மூணு பேரும் நல்லாத்தான் நடிச்சிய."

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை ஆட்டினாள். எந்தக் கை என்பதைத் தமயந்தி கவனித்தாள். இடது கை.

•

காலியான மிஷினுக்கு ஜெனிட்டா வந்தாள். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி, இருபத்திரண்டு வயதிருக்கும். வலது மணிக்கட்டில் கம்பெனி தரும் அதே நீலக் கைப்பட்டையைக் கட்டியிருந்தாள். மெதுவாகத் தைத்தாள். ஒரு பட்டி வைக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அனுப்பி வச்சிருச்சுடி" என்று குருவம்மா உதட்டை அசைக்காமல் சொன்னாள். "இவ பெட்டியை யாரும் தொடக்கூடாது. சொல்லிட்டேன்."

யாரும் தொடவில்லை. ரத்தினவேல் தினமும் வந்து ஜெனிட்டாவின் தலைக்குமேல் நின்றார். "வேகமாத் தைங்க அம்மிணி. மேலே செவப்பு எரியுது. எனக்கு மேலயிருந்து திட்டு விழுது." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்போதும் மெதுவாகவே தைத்தாள். ஒருநாள் எல்லார் முன்னாலும் அவள் தைத்ததைத் தூக்கிக் காட்டி அவர் கேலி செய்தார். அவளுடைய காது சிவந்துபோனது. கண்ணீர் துணியில் விழாமல் இருக்க முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

தமயந்தியின் கை அவளைக் கேட்காமலே நீண்டது. ஜெனிட்டாவின் பெட்டி 'டிக்' என்றது.

குருவம்மா முறைத்தாள். கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். பிறகு அவளும் கை நீட்டினாள். மெகருன்னிசா அதற்காகவே காத்திருந்தவள்போல ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பீஸ்களைக் காட்டினாள். மதியத்துக்குள் பலகையில் பச்சை எரிந்தது. அன்று படிக்கட்டுக்குக் கீழே ஜெனிட்டாவையும் சேர்த்துக்கொண்டு நாலு பேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெனிட்டா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

ஜெனிட்டாவுக்கு ஆஸ்பத்திரித் தேதி வந்ததா என்று கேட்க நினைத்துத் தமயந்தி அவள் பின்னாலேயே கழுவுமிடத்துக்குப் போனாள். ஜெனிட்டா கைப்பட்டையைக் கழற்றிவிட்டு முகம் கழுவினாள். பிறகு நனைந்துபோன துப்பட்டாவை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பிழிந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தண்ணீர் வடிந்தது. வலது மணிக்கட்டு கயிறுபோல முறுக்கேறி நின்றது.

கண்ணாடியில் தமயந்தியைப் பார்த்ததும் அவள் துப்பட்டாவைக் கீழே போட்டுவிட்டாள்.

"உனக்குக் கையில என்ன?" என்றாள் தமயந்தி.

ஜெனிட்டா தரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லேன்னா?"

"சேரும்போதே போன்ல வந்துது. இதைக் கட்டிக்கணும், மெதுவாத் தைக்கணும், சம்பளம் குறையாதுன்னு. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னும் வந்துது. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா. ஏதோ பரிட்சை வைக்காங்கன்னு நெனச்சேன். நீங்க எல்லாரும் எனக்குப் போட்டு விட்டதும்தான் எனக்கு..." அவள் குனிந்து துப்பட்டாவை எடுத்தாள். "எனக்குச் சோறு எறங்கலக்கா."

தமயந்திக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. நோயாளியைத் தேடி எடுப்பதைவிட ஒரு கைப்பட்டையைக் கட்டி உட்கார வைப்பது மலிவு என்று மேலே கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் தப்பு இல்லை. மூன்று பேரும் அதை நிரூபித்துக்கொடுத்திருந்தார்கள்.

விஷயம் ஏழாவது லைனோடு நிற்கவில்லை. படிக்கட்டு வழியாக, குழாயடி வழியாக எல்லா லைனுக்கும் போனது. இருமுகிறவளைப் பார்த்தால் நெசமா இருமுகிறாளா என்று கேட்டார்கள். மூன்றாவது லைனில் அந்தப் பிள்ளைத்தாச்சி தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தபோது, "வயித்துல துணி கட்டியிருக்காளோ என்னமோ" என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜெனிட்டாவை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அங்கே அவளோடு யாரும் பேசுவதில்லை என்று கேள்வி.

ஒருநாள் மெகருன்னிசா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் போட்டு விடுக்கா" என்றாள். அந்தப் பழக்கத்தில் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. தமயந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கும் போனில் ஏதாவது வந்திருக்குமோ என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் மெகருன்னிசா, "பரவால்லக்கா" என்று திரும்பிக்கொண்டாள்.

•

விடுப்பு முடிந்து சந்தனமாரி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வலது மணிக்கட்டில், உள்பக்கமாக, நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. தன் பழைய மிஷினில் உட்கார்ந்து நூலைக் கோத்தாள். ஊசிக்காதில் நூல் ஒரே தடவையில் நுழைந்தது.

"விரல்ல உணர்ச்சி வந்திருக்காக்கா?" என்றாள் மெகருன்னிசா.

"வந்திட்டுது. வலி இப்பத்தான் தெரியுது." சிரித்தாள். "பாரம் மட்டும் குடுக்கக் கூடாதாம் கொஞ்ச நாளைக்கு. லீவு முடிஞ்சிட்டுதுல்லா, என்ன செய்ய."

குருவம்மா, "வா" என்று மட்டும் சொன்னாள்.

சந்தனமாரி தைக்க ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் தைத்தாள். துணியைத் திருப்பும் இடத்தில் கை தயங்கியது, ஒரு தடவை பல்லைக் கடித்தாள். பலகையில் பச்சை அணைந்தது.

தமயந்தியின் கையில் ஒரு பீஸ் இருந்தது. கொடுக்கலாமா, கொடுத்தால் மறுபடியும் இவளைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்போடு இன்னொரு நினைப்பும் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண் அந்த வெள்ளைத் துணியின்மேல் போய் நின்றது. துணி ரொம்பச் சுத்தமாக இருந்தது. ஓரம் மடங்காமல், இன்று காலையில்தான் யாரோ ஒட்டிவிட்டதுபோல இருந்தது.

சந்தனமாரியின் மோட்டார் நின்றது. அவள் இடது கையால் அந்தத் துணியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாள். மணிக்கட்டை மிஷினுக்குமேலே நீட்டினாள். சிவப்பாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். இன்னும் முழுதாக ஆறவில்லை.

"பார்த்துக்க. நெசம்தான்."

"நான் ஒண்ணும் கேக்கலியேக்கா" என்றாள் தமயந்தி.

"நீ கேக்கல. பார்த்த."

அவள் குரலில் கோபம் இல்லை. கையை இழுத்துக்கொண்டு துணியை மறுபடி ஒட்டப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை. ஒரு பக்கத்தை அழுத்தினால் மறு பக்கம் தூக்கிக்கொண்டது. எழுந்து சுற்றிப் போய் ஒட்டிவிடலாம், நாலு எட்டுக்கூட இல்லை. எழுந்து போனால் மேலே பார்த்துவிடும். போகாவிட்டால் மாரியக்கா பார்ப்பாள். தமயந்தி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

அவள் எழுவதற்குள் சந்தனமாரி துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, தானே ஒட்டிக்கொண்டு, அடுத்த பீஸை எடுத்திருந்தாள்.